ஒன்பது ஆர்ட்டின் பாக்கி

போக்கர் ஆட்டம். கையில் ஆர்ட்டின் (ஹார்ட்) எட்டும் ஏழும். நடுவில் விரித்த மூன்று சீட்டு: ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஒன்பது, கிளாவர் நாலு. இன்னும் ஒரே ஒரு ஆர்ட்டின் விழுந்தால் எனக்கு ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. மொத்தம் பதின்மூன்று ஆர்ட்டின், நாலு கண்முன்னே இருக்கிறது, பாக்கி ஒன்பது. குறுக்குவழிக் கணக்குப்படி ஒன்பதை நாலால் பெருக்கினால் முப்பத்தாறு. ஆக, எனக்கு 36 சதவீதம். இந்தக் கணக்கைப் போட இரண்டு விநாடிகூட ஆகவில்லை. இவ்வளவு வேகமாக வருகிறதே என்று பெருமை வேறு.

அந்த நேரத்தில் என் உண்மையான வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம்.

இடம், நியூஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட். வெள்ளிக்கிழமை இரவுகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலை செய்பவர்கள், அப்புறம் காப்பீட்டு நிறுவனத்தில் ஆக்சுவரியாக (இடர் வாய்ப்புகளைக் கணக்கிடுபவராக) இருக்கும் ஒரு அண்ணன். ஆளுக்கு 20 டாலர், அதற்கு 200 சிப். யாரும் சொத்தை விற்கிற ஆட்டம் இல்லை. ஆனால் நள்ளிரவு தாண்டி காலி கையோடு படியேறும்போது அந்த 20 டாலர் 2000 மாதிரி உறுத்தும்.

ரம்மியும் மூணு சீட்டும் மட்டும் தெரிந்தவர்களுக்கு இரண்டு வரி. நாங்கள் ஆடுவது டெக்சஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி. பிறகு நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று (ஃபிளாப்), அடுத்து ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. ஏழு சீட்டில் சிறந்த ஐந்தை வைத்து யார் பெரியவர் என்று பார்ப்பது. அவ்வளவுதான் விதி. சிக்கல் முழுவதும் எதிரே எத்தனை பேர் என்பதில் இருக்கிறது.

அன்றைக்கு ஏழு பேர். பிளைண்ட், அதாவது இருவர் முன்கூட்டியே கட்டாயமாகக் கட்டும் தொகை, 1, 2. எனக்கு முன்னால் இருந்த கோவைக்காரர் 8 என்று ஏற்றினார். அடுத்தவர் கால் (அதே தொகையைக் கட்டுவது), நான் கால், எனக்குப் பின்னால் கடைசி இடத்தில் இருந்த ஆக்சுவரி அண்ணனும் கால். மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டார்கள். நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை, அதாவது பாட், 35. ஃபிளாப்பில் கோவைக்காரர் 20 போட, அடுத்தவர் கால் போட, பாட் 75 ஆகி என் முன்னால் வந்து நின்றது. 20 போட்டால் பாட் 95. இருபதைத் தொண்ணூற்றைந்தால் வகுத்தால் 21 சதவீதம். நூற்றுக்கு 21 தடவை ஜெயித்தால் போதும், என்னிடம் 36 இருக்கிறது. யோசிக்கவே தேவையில்லை என்று போட்டேன். அண்ணனும் போட்டார். பாட் 115.

டர்னில் ஸ்பேடு இரண்டு. யாருக்கும் உதவாத சீட்டு. கோவைக்காரர் 60, அடுத்தவர் 60, நான் 60, அண்ணன் 60. பாட் 355. ரிவரில் ஆர்ட்டின் ராணி. என் இதயம் அடித்தது பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டிருக்கும். முன்னால் இருவரும் செக், அதாவது பந்தயம் போடாமல் விட்டார்கள். நான் மிச்சமிருந்த 112 சிப்பையும் தள்ளினேன். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "சரிப்பா, பார்த்துடலாம்" என்றார். மற்ற இருவரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள்.

அண்ணனிடம் ஆர்ட்டின் ஏஸும் ஜாக்கியும்.

கோவைக்காரர் எரிச்சலில் தன் ராஜா, ராணியைத் திறந்து காட்டினார். இரண்டாமவரிடம் இரண்டு ஒன்பது. ஃபிளாப்பிலேயே மூன்று ஒன்பது சேர்ந்திருந்திருக்கிறது, பாவம் மனிதர் பதுங்கிப் பதுங்கி ஆடி எங்களையெல்லாம் உள்ளே விட்டுவிட்டார். நாலு பேர் சீட்டும் மேசைமேல் திறந்து கிடந்ததால்தான் எனக்கு விஷயம் புரிந்தது. யாரும் காட்டாமல் எறிந்திருந்தால், 'ச்சே, அதிர்ஷ்டம் இல்லை' என்று சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு வருடம் அதே தப்பைச் செய்திருப்பேன்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டுச் சீட்டை எடுத்து அதே கையை விரித்தேன். "ராத்திரி தோத்தது பத்தலையா?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி இட்லித் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். டர்ன் வரை வந்த நாலு சீட்டு, நாலு பேர் கையில் எட்டு, ஆகப் பன்னிரண்டு தெரியும். கட்டில் மிச்சம் 40. அதில் ஆர்ட்டின் ஏழுதான், ஏனென்றால் இரண்டு அண்ணனிடம் இருந்தன. அந்த ஏழில் எது வந்தாலும் எனக்கு ஃபிளஷ், ஆனால் அண்ணனுக்கு என்னைவிடப் பெரிய ஃபிளஷ். ஆர்ட்டின் வராவிட்டால் மூன்று ஒன்பதுக்காரர் ஜெயிக்கிறார். ஆக, 40 சீட்டில் என்னை ஜெயிக்கவைக்கும் சீட்டு ஒன்றுகூட இல்லை. நான் 60 போட்டது பிணத்துக்கு வைத்தியம் பார்த்த கதை.

இதில் இன்னொரு வேடிக்கை. அண்ணனும் மனசுக்குள் ஒன்பது ஆர்ட்டின் பாக்கி என்றுதான் எண்ணியிருப்பார். 46இல் 9, அதாவது 19.6 சதவீதம். அவருக்கு உண்மையில் இருந்தது ஐந்து சீட்டு. என்னிடம் இரண்டு போய்விட்டது. மிச்சம் ஏழில் ஆர்ட்டின் இரண்டோ நாலோ வந்தால் போர்டில் (நடுவில் விரித்த சீட்டில்) ஜோடி விழுந்து ஒன்பதுக்காரருக்கு ஃபுல் ஹவுஸ் ஆகிவிடும், மூன்று ஒன்பதும் ஒரு ஜோடியும் சேர்ந்த அது ஃபிளஷைவிடப் பெரியது. 40இல் 5, வெறும் 12.5 சதவீதம். ராஜா ராணி வைத்திருந்த கோவைக்காரருக்கும் என்னைப் போலவே பூஜ்யம். மூன்று ஒன்பதுக்காரருக்கு 87.5. நாலு பேரில் தன் நிலைமை இன்னதென்று சரியாகத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இதைச் சொன்னபோது கோவைக்காரர் ஒரு வாதத்தை எடுத்தார். போக்கர் ஆடும் எல்லாரும் ஒரு தடவையாவது இந்த வாதத்தில் மாட்டியிருப்பார்கள். "ஏழு பேருக்குச் சீட்டுப் போட்டாச்சு. அதில் எப்படியும் ரெண்டு மூணு ஆர்ட்டின் போயிருக்கும். அப்புறம் எப்படி ஒன்பது பாக்கின்னு எண்ணுறே? ஆள் கூடக் கூட வாய்ப்பு குறையத்தானே செய்யும்?"

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தப்பு. அண்ணன் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினார். ஃபிளாப் முடிந்தபின் எனக்குத் தெரியாத சீட்டு 47, அதில் ஆர்ட்டின் 9. எதிரே ஐந்து பேர் என்றால் அவர்களிடம் பத்துச் சீட்டு. அந்தப் பத்தில் சராசரியாக எத்தனை ஆர்ட்டின் இருக்கும்? பத்தை ஒன்பதால் பெருக்கி 47ஆல் வகுத்தால் 1.91. சரி, அதைக் கழித்துவிடுவோம். கட்டில் மிச்சம் 37 சீட்டு, அதில் 7.09 ஆர்ட்டின். ஏழைச் சொச்சத்தை முப்பத்தேழால் வகுத்தால் 19.1 சதவீதம். 9ஐ 47ஆல் வகுத்தாலும் அதே 19.1. ஆர்ட்டின் குறைகிறதுதான், ஆனால் ஆர்ட்டின் இல்லாத சீட்டும் அதே விகிதத்தில் கட்டைவிட்டுப் போய்விடுகிறது. மூடிய சீட்டு எதிராளி கையில் இருந்தால் என்ன, கட்டில் இருந்தால் என்ன, பார்க்காத வரைக்கும் எல்லாம் ஒரே குவியல்தான்.

அப்படியானால் ஆள் எண்ணிக்கை கணக்கை மாற்றவே இல்லையா என்றால், மாற்றுகிறது. வேறு இடத்தில் மாற்றுகிறது. எனக்கு ஃபிளஷ் விழும் வாய்ப்பு ஒருவர் எதிரே இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் அதேதான். விழுந்த ஃபிளஷ் ஜெயிக்கும் வாய்ப்புதான் ஆளுக்கு ஆள் தேய்கிறது. இவை இரண்டு தனித்தனிக் கணக்கு. நான் பல வருடமாக முதலாவதை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதும் முடிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரி வழுக்கல் எனக்கு மட்டும் நடந்ததில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல். நிகழ்தகவுக் கணக்கின் தொடக்கமே சூதாட்டக் கேள்விதான். பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கு பிரிப்பது என்று 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இரண்டு பேர் ஆட்டம் வரை தகராறு இல்லை. மூன்று பேர் என்று வந்ததும், ஃபெர்மாவின் முறை இதற்குப் பொருந்தாது என்று பாஸ்கல் எழுதிவிட்டார். ஒருவருக்கு இன்னும் ஒரு வெற்றி வேண்டும், மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு வேண்டும். அதிகபட்சம் மூன்று சுற்று, மொத்தம் 27 விதமாக முடியலாம். அந்த 27இல் சிலவற்றில் இரண்டு பேர் தங்கள் இலக்கைத் தொட்டுவிடுவதாகத் தெரியும். அவற்றை இருவருக்கும் பாதிப்பாதி என்று பாஸ்கல் எண்ணினார். யார் முதலில் தொட்டார் என்று பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் 17, 5, 5 என்று சரியாகப் பிரிகிறது என்று ஃபெர்மா பதில் எழுதினார். எனக்கு விழுந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு இன்னொருவருக்கும் விழுந்ததா, யாருடையது மேல் என்று பார்க்காமல் விட்ட என் எட்டு ஏழுக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

இப்போது அந்த ரிவருக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் டர்னில் போட்ட 60ஐவிட ரிவரில் தள்ளிய 112தான் பெரிய முட்டாள்தனம். ஆர்ட்டின் ராணி விழுந்தபிறகு வெளியே எட்டு ஆர்ட்டின் மிச்சம்: ஏஸ், ஜாக்கி, பத்து, ஆறு, ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. இதிலிருந்து இரண்டு சீட்டை 28 விதமாக எடுக்கலாம். அதில் ஏஸ், ஜாக்கி, பத்து இவற்றில் ஒன்றாவது இருக்கும் 18 ஜோடியும் என் எட்டு ஏழை அடித்துவிடும். மிச்சம் பத்து ஜோடி எனக்குத் தோற்கும், ஆனால் அவை ஆறு இரண்டு, ஐந்து மூன்று மாதிரி குப்பை. எட்டு சிப் ஏற்றியபிறகு யார் அதோடு உள்ளே வருவார்கள்?

சும்மா கலைத்துப் போட்ட இரண்டு சீட்டு என்று எடுத்துக்கொண்டால், ஒரு எதிராளியிடம் இரண்டும் ஆர்ட்டினாக இருக்கும் வாய்ப்பு 2.8 சதவீதம். மூன்று எதிராளிகளில் யாராவது ஒருவரிடம் இருக்க 8.3. இதைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் எதிரே இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் இல்லையே. ஃபிளாப்பில் 20, டர்னில் 60 என்று வாய் திறக்காமல் கட்டிக்கொண்டே வந்த ஒரு மனிதர் எதற்காகக் கட்டியிருப்பார்? இரண்டு ஆர்ட்டின் வைத்திருப்பவர் அப்படித்தான் வருவார், என்னைப் போலவே. அதற்கும் மேலே, போர்டில் மூன்று ஆர்ட்டின் தெரியும்போது 112 சிப்புக்கு யார் கால் போடுவார்? என்னிடம் தோற்கிறவர்கள் எல்லாரும் சீட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஜெயிக்கிறவர் மட்டும் இருப்பார். அன்றைக்கு ராஜா ராணியும் மூன்று ஒன்பதும் எப்படி நழுவின என்று நினைத்துப் பாருங்கள். நான் செக் பண்ணிவிட்டு, யாராவது சின்னதாகப் போட்டால் கட்டியிருக்க வேண்டும். தோற்றிருப்பேன், ஆனால் மொத்தமாகக் காலியாகியிருக்க மாட்டேன்.

நாலால் பெருக்கும் குறுக்குவழியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஃபிளாப்புக்குப் பின், டர்ன் ரிவர் இரண்டையும் காசு கட்டாமல் பார்க்க முடிந்தால்தான் நாலு. அதாவது அந்த இடத்திலேயே ஆல் இன் (இருக்கிற சிப் மொத்தத்தையும் போடுவது) ஆகியிருக்க வேண்டும். ஒன்பது அவுட்ஸுக்கு (நமக்கு உதவும் பாக்கிச் சீட்டுக்கு) சரியான விடை 35.0, குறுக்குவழி 36 என்கிறது, மோசமில்லை. ஆனால் டர்னில் இன்னொரு பந்தயம் வரப்போகிறது என்றால் அடுத்த ஒரு சீட்டை மட்டும்தான் இந்த விலைக்கு வாங்குகிறோம். அப்போது இரண்டால் பெருக்க வேண்டும், 18. சரியாகச் சொன்னால் 19.1. எனக்கு வேண்டியிருந்தது 21. பலர் இருக்கும் பாட்டில் டர்னில் எல்லாரும் சும்மா இருப்பது அபூர்வம், அதனால் நான் இப்போது நாலை மறந்தே விட்டேன்.

இன்னொரு விஷயம் நம்மை மயக்கும். ஆள் கூடினால் பாட் பெருக்கிறது, விலை மலிவாகத் தெரிகிறது. பாட்டில் 30, ஒருவர் 20 போடுகிறார், நான் மட்டும் எதிரே என்றால் 70க்கு 20, அதாவது 28.6 சதவீதம் வேண்டும். நடுவில் இரண்டு பேர் கால் போட்டுவிட்டால் 110க்கு 20, அது 18.2. ஃபிளஷ் வரும் 19.1ஐ வைத்துக் கட்டிவிடலாம். இது உண்மைதான். ஆனால் என் ஃபிளஷ் ஏஸ் வைத்ததாக இருந்தால்தான் முழு உண்மை. அந்த இரண்டு பேர் பாட்டில் போட்ட நாற்பது சிப் இலவசமாக வரவில்லை, என் ஃபிளஷ் ஜெயிக்கும் வாய்ப்பில் கொஞ்சத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கும். எனக்குப் பின்னால் பேசாதவர் இன்னும் இருந்தால் அவர் ஏற்றிவிடலாம், அப்போது 20 என்று வாங்கிய சீட்டு 80 ஆகிவிடும். சந்தையில் தக்காளி விலை கேட்டுப் பையில் போட்டபிறகு கடைக்காரர் விலையை மாற்றுவது மாதிரி. இங்கே அது விதிப்படி செல்லும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஏஸ் ஜோடிக்கு எதிரே ஒரே ஒருவர் என்றால்கூட, அவருக்கு 1225 விதமான கை, அதன்மேல் 17,12,304 விதமான போர்டு, பெருக்கினால் சுமார் 210 கோடி. ஐந்து பேர் என்றால் எண்ணி முடிக்கவே முடியாது. அதனால் சீட்டைக் கலைத்துப் பத்து லட்சம் தடவை போட்டுப் பார்க்கச் சொன்னேன். கடைசி இலக்கம்தான் லேசாக ஆடும், மற்றபடி விடை நம்பகமானது.

ஏஸ் ஜோடி, எதிரே ஏதோ ஒரு கை வைத்த ஒருவர்: 85 சதவீதம். இரண்டு பேர்: 73. மூன்று பேர்: 64. நாலு பேர்: 56. ஐந்து பேர்: 49. எட்டுப் பேர்: 35. ஆட்டத்தின் ஆகச் சிறந்த கை, ஐந்து பேர் கடைசிவரை நின்றால் பாதிக்குப் பாதி தோற்கும்!

முதலில் நான் 85ஐ ஐந்து தடவை பெருக்கிப் பார்த்திருந்தேன். 44தான் வந்தது. புரோகிராம் 49 என்றதும், எங்கேயோ பிழை என்று இரண்டு மணி நேரம் தேடினேன். பிழை புரோகிராமில் இல்லை. எதிராளிகள் தனித்தனித் தீவு இல்லை, நடுவில் வரும் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொது. போர்டு எனக்கு நல்லதாக விழுந்தால் ஒரே அடியில் ஐந்து பேரும் காலி, கெட்டதாக விழுந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்தே என்னை அடிக்கிறார்கள். அதனால் பெருக்கல் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. இருந்தாலும் மேசையில் மனக்கணக்காகப் போட பெருக்கல் போதும், உண்மை அதைவிடச் சற்று மேலே இருக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் சரி.

இதைப் பார்த்துவிட்டுக் கோவைக்காரர், "அப்போ ஏஸ் ஜோடி வந்தா எல்லாரையும் துரத்திட்டு ஒருத்தரை மட்டும் வச்சுக்கணும்" என்றார். அங்கேதான் கணக்கு திருப்பி அடிக்கிறது. எல்லாரும் ஆளுக்கு 100 போட்டு ஆல் இன் என்று வையுங்கள். ஒருவர் எதிரே: 200 பாட்டில் 85 சதவீதம், சராசரியாக 170 கிடைக்கும், லாபம் 70. ஐந்து பேர் எதிரே: 600 பாட்டில் 49 சதவீதம், 294, லாபம் 194. தோற்பது அதிகம், சம்பாதிப்பதும் அதிகம். ஆறு பேர் ஆட்டத்தில் என் நியாயமான பங்கு ஆறில் ஒன்று, 16.7 சதவீதம், அதைப்போல மூன்று மடங்கு வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் நான் சதவீதத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை, எத்தனை பேர் இருக்கிறார்களோ அந்தப் பங்கோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறேன்.

ஆனால் இது ஆரம்பத்திலேயே எல்லாரும் ஆல் இன் ஆனால் மட்டும். நிஜ ஆட்டத்தில் இன்னும் மூன்று சுற்றுப் பந்தயம் இருக்கிறது, அங்கே ஒற்றை ஜோடியைக் கட்டிக்கொண்டு நாலு பேர் நடுவில் நிற்பது நரகம். ராஜா ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாப்பில் ஏஸ் வர 22.6 சதவீதம் வாய்ப்பு. ஒரே ஒரு ஏஸ் வந்துவிட்டது, வெளியே மூன்று ஏஸ் மிச்சம். எதிரே ஒருவர் என்றால் அவரிடம் ஏஸ் இருக்க 12.5 சதவீதம். இரண்டு பேரில் யாரிடமாவது இருக்க 24. மூன்று பேர் 34, நாலு பேர் 44, ஐந்து பேர் 52. சும்மா கலைத்துப் போட்ட சீட்டுக்கே இந்தக் கணக்கு. ஏஸ் வைத்திருப்பவர்தான் பெரும்பாலும் சீட்டைப் போடாமல் உள்ளே வருவார் என்பதால் உண்மை இதைவிட மோசம். இந்த ஐந்து எண்ணை மட்டும் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒருவர் எதிரே என்றால் ஏஸைப் பார்த்துப் பயப்படாமல் ஆடலாம். நாலு பேர் எதிரே ஏஸ் விழுந்து ஒருவர் பந்தயம் போட்டு இன்னொருவர் கால் போட்டால், ராஜாக்கள் இரண்டு பேரையும் மரியாதையாக வழியனுப்பிவிடுகிறேன்.

சின்ன ஜோடிக்குக் கதை நேர்மாறு. இரண்டு ஐந்து, இரண்டு ஆறு மாதிரிக் கைக்கு ஃபிளாப்பில் மூன்றாவது விழ 11.8 சதவீதம்தான், எட்டரைத் தடவைக்கு ஒருமுறை. விழாவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான், யோசனையே வேண்டாம். விழுந்தால் அது யார் கண்ணுக்கும் தெரியாது, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் வாடிக்கையாளர்கள்.

அப்புறம் பிளஃப், அதாவது கையில் ஒன்றும் இல்லாமல் பந்தயம் போட்டு மிரட்டுவது. இதை நான் கற்றுக்கொண்டது பேஸ்மென்டில் இல்லை, அட்லாண்டிக் சிட்டியில். 1978 முதல் அங்கே கசினோ சட்டப்படி நடக்கிறது, எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1, 3 டாலர் மேசை. எனக்கு ஏஸ் ராஜா வந்தது, 15 டாலர் என்று ஏற்றினேன். மரியாதை கிடைக்கும் என்று பார்த்தால் நாலு பேர் கால். ஏஸ் ராஜா மூன்றில் இரண்டு தடவை ஃபிளாப்பில் எதையும் தொடாது, அன்றும் தொடவில்லை: எட்டு, ஏழு, ஐந்து. பாட்டில் ஏறக்குறைய 75. நான் ஏற்றியவன் ஆயிற்றே, விடலாமா என்று 40 போட்டேன்.

115இல் 40, அதாவது நூற்றுக்கு 35 தடவை எல்லாரும் சீட்டைப் போட்டுவிட்டுப் போனால் எனக்கு நஷ்டமில்லை. ஒவ்வொருவரும் 60 சதவீதம் சீட்டைப் போட்டுவிடுவார்கள் என்று வைத்தால், ஒருவர் எதிரே 60, தாராளம். இரண்டு பேர் 36, இழுபறி. மூன்று பேர் 21.6. நாலு பேர் 13. பிளஃப்புக்கு எல்லாரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் மாட்டேன் என்றாலும் கல்யாணம் நின்றுவிடும். என் 40 சரியாக வர, நாலு பேரும் தலா 77 சதவீதம் சீட்டைப் போட்டுவிட வேண்டும். எட்டு ஏழு ஐந்து போர்டில், கையில் ஜோடியோ வரிசையோ இல்லாமல் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்களா? மூன்றாவது ஆள் 120 என்று ஏற்றினார். வரும் வழியில் காரில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது இரண்டு பேருக்கு மேல் இருந்தால் கையில் ஒன்றும் இல்லாமல் நான் பந்தயம் போடுவதே கிடையாது.

சைடு பாட் குழப்பத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் தடுமாறுகிறார்கள். பாட்டில் 30. 40 சிப் மட்டும் வைத்திருந்த ஒருவர் ஆல் இன். நானும் இன்னொருவரும் 200, 200. நாற்பதுக்காரர், "பாட்டில் இவ்வளவு இருக்கு, நாற்பதுதானே" என்று சந்தோஷப்பட்டார். அவர் ஜெயிக்க முடிவது 30ம் மூன்று நாற்பதும் சேர்ந்த 150 மட்டும். மிச்சம் 320, அதுதான் சைடு பாட், எனக்கும் மற்றவருக்கும் இடையே. கடைசியில் நாற்பதுக்காரர் பெரிய கை காட்டி 150ஐ எடுத்துக்கொண்டார், நான் மற்றவரை அடித்து 320ஐ எடுத்தேன். 200 போட்டு 320. அந்தக் கையில் நான் இரண்டாவதுதான், ஆனால் 120 லாபம். இரண்டு குவியலுக்கும் எதிராளிகள் வேறு, அதனால் வாய்ப்பும் வேறு. ஒரே சதவீதத்தை மொத்தத் தொகைமேல் போடக்கூடாது.

ஊரில் இருக்கும் தம்பி ஒருவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஏதாவது ஆப் சொல்லுங்கள் என்றான். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது, திறமையா அதிர்ஷ்டமா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. கற்றுக்கொள்ள ஆப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு கட்டுச் சீட்டு போதும். ஐந்து பேருக்குச் சீட்டைப் போடு, உன் கையை மட்டும் பார், ஃபிளாப்பை விரி, ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு எண்ணை எழுதி வை. பிறகு மற்ற நாலு கையையும் திறந்துவிட்டு மறுபடி எண்ணு. நான் இதைத்தான் இரண்டு மாதம் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் செய்தேன். ஆரம்பத்தில் நான் எழுதிய எண் ஏறக்குறைய எப்போதும் கூடுதலாகவே இருந்தது.

போன மாதம் மறுபடி அதே கை வந்தது. ஆர்ட்டின் எட்டும் ஏழும். ஆறு பேர் உள்ளே, இரண்டு சிப் என்பதால் நானும் போனேன். ஃபிளாப்பில் இரண்டு ஆர்ட்டின், பெரியது ராணி. ஒருவர் பந்தயம், வீட்டுக்காரர் ஏற்றல், இன்னொருவர் கால். எனக்குப் பின்னால் அண்ணன் இன்னும் பேசவில்லை. ஒன்பது பாக்கி என்று எண்ணினேன், அதில் எத்தனை எனக்குச் சொந்தம் என்று யோசித்தேன், சீட்டைக் கவிழ்த்து நகர்த்திவிட்டேன். அண்ணனும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

டர்னில் ஆர்ட்டின் மூன்று விழுந்தது. கடைசியில் வீட்டுக்காரர் இரண்டு ஜோடி காட்டிப் பாட்டை எடுத்தார். யாரிடமும் ஆர்ட்டின் இல்லை. முந்நூறு சிப்புக்கு மேல் இருக்கும், அதை அவர் நிதானமாக அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "ஆர்ட்டின்தானே?" என்றார்.

"ஜோடி நாலு" என்றேன்.